எண்ணெய் வடிகட்டியைக் கழற்றலும் பூட்டலும்



இவ்வாண்டு விழா மலருக்கு ஒரு பாடக் கட்டுரை எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது, வழமைபோல் வேற்றுமை உருபுகளைப் பற்றி எழுதலாம் என்றே எண்ணினோம். ஆயினும் வகுப்பில் நிகழ்ந்த சிறு உரையாடல் ஒன்று எம் எண்ணத்தை மாற்றியது. "உங்கள் வீட்டில் அப்பா எந்த வேலையைச் செய்யும்போது உங்களுடன் அதிகமாகத் தமிழில் பேசுகிறார்?" என ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டோம். ஒரு மாணவன் எழுந்து, "கார் திருத்தும்போது, மாஸ்ரர். ஆனால் சாமான்களின் பெயரெல்லாம் டொச்சில்தான் சொல்லுவார்" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும்போது பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தோம். ஆகவே இம்முறை, காரின் ஒரு சிறு உறுப்பையும் அதனைக் கழற்றிப் பூட்டும் கருவிகளையும் பற்றித் தமிழில் எழுத முற்படுகின்றோம். அவ்வுறுப்பு எண்ணெய் வடிகட்டி. எம்மவர் வழக்கில் ஒயில் பில்ற்றர்.

கார்ல்ஸ்ரூஹேயில் வாழும் எமக்கு இவ்விடயத்தில் ஒரு தனி உரிமை உண்டு எனலாம். மோட்டார் வண்டிக்கு 1886 ஆம் ஆண்டு சனவரி 29 ஆம் நாள் காப்புரிமை கோரி விண்ணப்பித்த கார்ல் பென்ஸ், 1844 இல் இந்நகரின் மியூல்பூர்க் பகுதியிலேயே பிறந்தார். இங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலேயே கற்றார். அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ் 1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தம் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கும் மேலாக அவ்வண்டியைச் செலுத்திச் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைபட்டபோது தம் தொப்பியின் ஊசியால் அதனைக் குத்திச் சீர்செய்தார் என்பர். கையிலிருந்த பொருளையே கருவியாக்கிய அந்த அம்மையாரை நாம் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டிவரும். அவ்வண்டியில் எண்ணெய் வடிகட்டி இருக்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்த எண்ணெய் உறுப்புகளை நனைத்துவிட்டு வெளியேறிப் போயிற்று. எஞ்சினுக்குள்ளேயே எண்ணெய் சுற்றிச்சுற்றி ஓடும் முறை பரவியபின், அதில் சேரும் உலோகத் துகளையும் கரியையும் வடித்தெடுக்க ஓர் உறுப்புத் தேவைப்பட்டது. 1920 களில் அமெரிக்காவில் இத்தகைய வடிகட்டிகள் விற்பனைக்கு வந்தன.

வடிகட்டியின் உள்ளே மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம் உண்டு. விசிறி மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வெளிப்புறமாக நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடுவிலுள்ள துளைக் குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். காகிதம் முற்றாக அடைபட்டுவிட்டால் ஒரு சிறு கதவு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். அழுக்கெண்ணெயாவது கிடைக்கட்டும், எண்ணெயே இல்லாமற் போகக்கூடாது என்பது அமைத்தவரின் எண்ணம். அடைபட்ட வடிகட்டியுடன் ஓடும் காரில் எந்த விளக்கும் எரியாமல் இருப்பது இதனாலேயே. உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்று சொல்வதும் இதனாலேயே.

இவ்விடத்தில் சற்று ஊருக்குப் போய் வருவோம். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய பிரித்தானியக் கார்கள் நெடுங்காலம் ஓடின. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் உதிரிப் பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் பீச்சி எஞ்சினை இயக்கிவிட்டு, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றார்கள். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே எண்ணெயையும் வடிகட்டியையும் வேறெக்காலத்திலும் விட அப்போதே அடிக்கடி மாற்றியிருக்க வேண்டும். மாற்றுவதற்குத்தான் எதுவும் இருக்கவில்லை. நாம் அப்போது பதினொரு வயதுச் சிறுவன். பெரியப்பாவின் கராஜில் மாலை வேளைகளில் நிற்போம். அந்தக் கார்களில் வடிகட்டி ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் நடுவே செல்லும் ஒரே ஒரு நீண்ட மரையாணியைக் கழற்றினால் எல்லாம் கையோடு வந்துவிடும். பெரியப்பா உள்ளிருந்த வடியை மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்து, மீண்டும் போடுவார். கிண்ணத்தின் விளிம்புக்குரிய வளையம் பழுதாகிவிட்டால், சைக்கிள் ரியூப்பைக் கத்தரித்துப் புது வளையம் செய்வார். அவ்வாறு வெட்டிய வளையத்தை இறுக்கிப் பூட்டினால் பிதுங்கி வெளியே வந்துவிடும். "பலத்தைக் காட்டாதையடா தம்பி, வளையம்தான் எண்ணெயைப் பிடிக்கிறது, உன்ரை கை இல்லை" என்பார். அந்தச் சொல்லின் பொருள் எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கு நாம் கொடுத்த விலையைப் பின்னர் கூறுவோம்.

பின்வந்த கார்களில் கிண்ணமும் காகிதமும் ஒன்றாக இணைந்து, முழுவதையும் கழற்றி எறியக்கூடிய தகரக் குவளை வடிவம் வந்தது. இதனையே முதலில் நோக்குவோம். குவளையின் திறந்த முகத்தில் நடுவே மரையும், சுற்றிவர ஒரு றப்பர் வளையமும் இருக்கும். எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் குவளையைச் சுழற்றிப் பூட்டுவார்கள்.

கழற்றுவதற்கு முன் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூடான எண்ணெய் இலகுவாக வடியும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும், அருகிலுள்ள புகைக்குழாய் அதைவிடச் சுடும். காரை உயர்த்திய ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருபோதும் அதன் கீழே படுக்காதீர்கள். தாங்குகால்கள் வைத்தே படுக்க வேண்டும். பிள்ளைகள் கீழே போகவே வேண்டாம். விளக்குப் பிடிப்பதும் கருவியை எடுத்துக் கொடுப்பதும் அவர்களுடைய பங்கு.

அடுத்தது திசை. இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குவளை தலைகீழாகத் தொங்குகிறது. கீழே படுத்து அதன் அடிப்புறத்தைப் பார்த்துத் திருப்புபவருக்கு இடஞ்சுழி சரியாகவே இருக்கும். மேலேயிருந்து எஞ்சினுக்குள் கையை விட்டு எட்டிப் பார்ப்பவருக்கோ அதே சுழற்சி வலஞ்சுழியாகத் தோன்றும். பலர் இறுகிப்போன வடிகட்டியை இன்னும் இறுக்கிவிட்டு வியர்த்துப்போய் நிற்பது இதனாலேதான். ஐயமிருந்தால் ஒரு ஜாம் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறந்து பாருங்கள்.

இனிக் கருவிகள். முதற் கருவி கை. குவளையைத் துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, றப்பர்க் கையுறையுடன் பற்றித் திருப்பினால் பெரும்பாலும் கழல வேண்டும். வழுக்கினால், மரம் தேய்க்கும் அரத்தாளை அதன் சொரசொரப்பான பக்கம் குவளையில் படும்படி சுற்றிப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டாலே மற்றக் கருவிகள்.

வார்ச்சாவி என்பது ஒரு பிடியும் அதில் பொருத்திய வாருமாகும். வாரைக் குவளையைச் சுற்றிப் போட்டுப் பிடியை இழுத்தால், இழுக்க இழுக்க வார் இறுகும். ஆனால் ஒரு திசையில் மாத்திரமே இறுகும். மறுபக்கமாகப் போட்டவருக்கு அது வெறுமனே சுழலும். குவளையின் நடுவில் போடாமல், எஞ்சினை அண்டிய விளிம்பருகே போட வேண்டும். தகரம் அங்கேதான் உறுதியாக இருக்கும், நடுவில் போட்டால் நசுங்கிவிடும். வாருக்குப் பதிலாகச் சங்கிலி வைத்த சாவியும் உண்டு. பழைய சைக்கிள் சங்கிலியும் ஓர் இரும்புத் துண்டும் கொண்டு அதனைச் செய்தவர்களை ஊரில் கண்டிருக்கின்றோம். தொப்பி ஊசியால் குழாயைக் குத்திய பேர்த்தா அம்மையார் அவர்களைத் தம் இனத்தவர் என்றே கொள்வார்.

கிண்ணச்சாவி எமக்குப் பிடித்த கருவி. தேங்காய்ச் சிரட்டையைப் போன்றது. குவளையின் அடிப்புறத்திலுள்ள பட்டைகளின் மேல் கச்சிதமாகக் கவிழ்ந்து பிடிக்கும். 74, 76 மில்லிமீற்றர் எனப் பல அளவுகளில் கிடைக்கும். உங்கள் காருக்குரிய அளவையும் பட்டைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பெரிதானால் அது சுழன்று பட்டைகளை மழுக்கிவிடும். மலிவான பெட்டியில் முப்பது கிண்ணம் வாங்குவதிலும், சரியான ஒன்றை நல்ல இரும்பில் வாங்குவது மேல் என்பது எம் கருத்து. பெட்டியில் வரும் மற்ற இருபத்தொன்பதும் நிலவறையில் தூங்கும். மூன்றுகாற் சாவி என ஒன்றும் உண்டு. திருப்பத் திருப்ப அதன் மூன்று கால்களும் நண்டின் கொடுக்குப்போல் உள்நோக்கி இறுகும். பல அளவுக் குவளைகளுக்கும் பொருந்தும், ஆனால் சுற்றிவர இடம் வேண்டும்.

நீண்ட திருப்புளியால் குவளையைக் குத்தி, அதனையே பிடியாக்கித் திருப்பும் முறையைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். நாமும் செய்திருக்கின்றோம். அது கடைசி முயற்சி. மெல்லிய தகரம் காகிதம்போல் கிழிந்து, அடித்தட்டு மாத்திரம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், முன்பு இருந்த சங்கடம் இரட்டிப்பாகும். எஞ்சினை அண்டிக் குத்தினால் உள்ளிருக்கும் மரைக்குழாயும் பழுதாகலாம்.

குவளை கழன்றவுடன் செய்யவேண்டிய ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் 2010 இல் இந்நாட்டுக்கு வந்தோம். ஊரில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவர், இங்கு மொழி தெரியாதவர். வேலை செய்ய அனுமதி கிடைக்காத அந்த மாதங்களில், பெரியப்பாவின் கராஜில் நின்ற துணிவில், எம்மவரின் கார்களுக்கு எண்ணெய் மாற்றிக் கொடுப்பதுண்டு. ஒரு மார்கழி மாதம். வெதுப்பகமொன்றில் இரவு வேலை செய்த ஓர் அண்ணையின் பழைய கார். அதிகாலை இரண்டு மணிக்குப் பேருந்து இல்லை, கார் இருந்தால்தான் வேலை. பழைய குவளை இறுகிப்போயிருந்தது. வார்ச்சாவியால் பெரும்பாடுபட்டுக் கழற்றினோம். இருட்டு, குளிர், கைவிரல்கள் விறைத்துவிட்டன. புதுக் குவளையைப் பூட்டினோம், அதே வார்ச்சாவியால் நன்றாக இறுக்கியும் விட்டோம். அன்றிரவு அண்ணை வேலைக்குப் புறப்பட்டார். நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அடுத்த வெளியேறும் வழிவரை போய்விடலாம் என எண்ணி ஓட்டியிருக்கிறார். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

மறுநாள் காரைப் பார்த்த தொழிலாளி குவளையைக் கழற்றி, எம் உள்ளங்கையில் இரண்டு கறுப்பு றப்பர் வளையங்களை வைத்தார். ஒன்று புதியது. மற்றது பழைய குவளைக்குரியது. அது கழலும்போது எஞ்சினின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதனை நாம் பார்க்கவில்லை. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. எஞ்சின் ஓடி அமுக்கம் ஏறியதும் ஒன்று வழுக்கி வெளியே பிதுங்கும், சிறிது நேரத்தில் எண்ணெய் முழுவதும் தெருவுக்குப் போய்விடும். அண்ணைக்கு அந்த வேலை போயிற்று. அவர் எம்மை ஏசவில்லை. "விடுங்கோ மாஸ்ரர், இருட்டிலை ஆருக்குத் தெரியும்" என்றார். ஏசியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். அனுமதி கிடைத்து வேலைக்குப் போகத் தொடங்கியபின், மாதம் மாதமாக அவருக்கு ஒரு பழைய காரின் விலையைக் கொடுத்து முடித்தோம்.

ஆகவே, கழற்றிய குவளையைத் திருப்பி அதன் முகத்தைப் பாருங்கள். வளையம் அதில் இருக்கிறதா? இல்லையேல் எஞ்சினில் இருக்கிறது. இருக்கிறதென்றாலும், எஞ்சினின் முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கண்ணை விட விரல் நம்பத்தக்கது. விளக்குப் பிடிக்கும் பிள்ளை, "அப்பா, வளையம் எங்கே?" என்று கேட்க வேண்டும். அக்கேள்வி தமிழில் கேட்கப்பட்டால் எமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

இனிப் பூட்டுதல். புது வளையத்தில் விரலால் சிறிது புது எண்ணெய் பூசுங்கள். உலர்ந்த றப்பர் இரும்பில் உராய்ந்து முறுகும், பின்பு சூட்டில் ஒட்டிப்பிடிக்கும். எமக்கு நேர்ந்ததன் தொடக்கமும், யாரோ முன்பு ஒருவர் எண்ணெய் பூசாது இறுக்கிப் பூட்டியதாகவே இருக்க வேண்டும். பூசியபின் கையால் சுழற்றுங்கள். மரை முதற் சுற்றிலேயே தடையின்றி ஓட வேண்டும், தடைப்பட்டால் கழற்றி மீண்டும் தொடங்குங்கள். வளையம் எஞ்சினைத் தொடும் கணத்தைக் கை உணரும். அவ்விடத்தில் குவளையில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து முக்கால் சுற்று, பெரும்பாலான குவளைகளுக்கு அவ்வளவே. சரியான அளவு குவளையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். கையாலேயே செய்யுங்கள். சாவி கழற்றுவதற்கு, பூட்டுவதற்கன்று.

ஏன் முக்கால் சுற்றுப் போதும்? கணக்கிட்டுப் பார்ப்போம். பல குவளைகளின் மரை, ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர் முன்னேறும் வகையினது. முக்கால் சுற்றுக்கு 1.125 மில்லிமீற்றர். ஆகவே றப்பர் வளையம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நசுங்குகிறது. அந்த நசுங்கலே எண்ணெயைத் தடுக்கிறது. இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வளையத்தின் விட்டம் 6 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், அதனுள் அடங்கும் பரப்பு ஏறக்குறைய 28 சதுர சென்ரிமீற்றர். எண்ணெயின் அமுக்கம் 4 பார் எனில், குவளையை எஞ்சினிலிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 115 கிலோகிராம் எடைக்குச் சமம். அப்பாவும் பத்தாம் வகுப்பு மகனும் சேர்ந்து தொங்குவதுபோல! இவ்வளவையும் மரை தாங்குகிறது. றப்பரின் வேலை இடைவெளியை அடைப்பது மாத்திரமே. அதனை மேலும் நசுக்குவதால் மரையின் பலம் கூடாது, வளையமே பிதுங்கும். பெரியப்பா சொன்னது இதுதான். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

பின்னர் நாம் வேலை செய்த கராஜின் மைஸ்ரர் இதனையே யேர்மன் மொழியில், "நாஹ் ஃபெஸ்ற் கொம்ற் அப்" என்பார். இறுக்கத்துக்கு அடுத்தது கழன்று போதல் என்பது பொருள். யேர்மன் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் பழமொழி அது.

தற்காலக் கார்கள் பலவற்றில் தகரக் குவளை இல்லை. மொரிஸ் மைனரில் இருந்ததுபோல், நிலையான ஒரு கூட்டுக்குள் காகிதத்தை மாத்திரம் மாற்றும் முறை திரும்பி வந்துவிட்டது. தகரக் கழிவு குறைகிறது. வேறுபாடு யாதெனில், மூடி பெரும்பாலும் பிளாஸ்ரிக்கினாலானது. இதற்குக் கிண்ணச்சாவியோ, மூடியின் அறுகோணத் தலைக்குரிய 32 அல்லது 36 மில்லிமீற்றர்ச் சாவியோ வேண்டும். வாரும் சங்கிலியும் குறடும் இதனை வெடிக்கச் செய்துவிடும். மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய வளையத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி, எண்ணெய் பூசி, அதற்குரிய பள்ளத்திலேயே போட வேண்டும். இங்கே மாத்திரம் பூட்டுவதற்கும் சாவி உண்டு. அது முறுக்களவுச் சாவி, யேர்மனில் டிறேமொமென்ற்ஷ்லுஸல். மூடியின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு அதனைச் சரிசெய்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். பல மூடிகளில் 25 நியூற்றன்மீற்றர் என எழுதியிருக்கும். 25 சென்ரிமீற்றர் நீளப் பிடியின் நுனியை 100 நியூற்றன் விசையால், அதாவது ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பையின் எடையால், இழுப்பதற்கு அது சமம். ஒரு கைக்கு அது பெரிய வேலையன்று.

பூட்டி முடித்து எண்ணெய் ஊற்றியபின் எஞ்சினை இயக்கி, ஒரு நிமிடம் கீழே குனிந்து பாருங்கள். பின்பு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை இழுத்துப் பாருங்கள். மறுநாட் காலையில் காரின் கீழே ஒரு மட்டைத் துண்டு வைத்துப் பார்ப்பதும் நன்று. அன்று நாம் ஒரு நிமிடம் குனிந்திருந்தால் போதும்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது? கார்ல்ஸ்ரூஹே மக்கள் அருந்தும் நீர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுவது. யாழ்ப்பாணத்தவர் அருந்துவதும் நிலத்தடி நீரே. சுண்ணாம்புக்கல்லில் ஊறி நிற்கும் அந்நீர், சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து கெட்டதையும், 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதற்காக இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்ததையும் பெற்றோர் அறிவார்கள். கிணற்று வாளியில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்ட ஊரவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இந்நாட்டில், புதிய எஞ்சின் எண்ணெயை விற்பவர், விற்ற அளவு பழைய எண்ணெயை இலவசமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பழைய வடிகட்டியையும் அங்கேயே கொடுக்கலாம். ஆகவே பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குவளையின் திறந்த முகத்தை மேல்நோக்கிப் பிடித்துக் கொண்டு போங்கள், உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மூடியை 25 நியூற்றன்மீற்றர் அளவுக்கு இறுக்க வேண்டும். அப்பாவிடம் இருக்கும் சாவியின் பிடி 40 சென்ரிமீற்றர் நீளம். நுனியில் எத்தனை நியூற்றன் விசை கொடுக்க வேண்டும்? அதே பிடியை அவர் 200 நியூற்றன் விசையால் இழுத்தால் மூடிக்கு எத்தனை நியூற்றன்மீற்றர் போகும்? விழா முடிந்து வரும் முதற் சனிக்கிழமை விடையைக் கேட்போம். வார்ச்சாவி, கிண்ணச்சாவி, மூன்றுகாற் சாவி ஆகிய மூன்றையும் வகுப்புக்குக் கொண்டுவருவோம். எது எது என்று தமிழில் சொல்ல வேண்டும்.